கடல் பாக்காத ஜீப்புக்கும் துரு புடிக்குமுங்க: வண்டி அடியில நாம பண்ற தப்பெல்லாம்

எங்க மாமா தோட்டம் பொள்ளாச்சிக்கு தெக்க. அவரோட ஜீப்பு ஒம்பது வருச வண்டி, ஒரு நாளும் கடல பாத்ததில்ல, அதிகபட்சம் போனது வால்பாறை, மத்தபடி தோட்டத்துக்கும் சந்தைக்கும் உரக்கடைக்கும் தான் ஓடுச்சு. போன சித்திரைல பிரேக் பைப் ஒழுகுதுன்னு வொர்க்‌ஷாப்புக்கு கொண்டு போயி மேல தூக்குனோம். அடியெல்லாம் கருகருன்னு அண்டர்பாடி கோட்டிங், அதான் துரு புடிக்காம இருக்க வண்டிக்கு அடில பூசற கெட்டிப் பூச்சு, பாக்க புதுசாட்ட இருந்துச்சு. மேஸ்திரி ஸ்க்ரூடிரைவர் காம்புல சேஸிஸ, அதான் வண்டியவே தாங்கற இரும்புச் சட்டத்த, தட்டிட்டே வந்தாரு, டங்கு டங்குன்னு கேட்டுட்டே வந்தது பின் சக்கரத்துக்கு மேல வந்ததும் தொப்புன்னு கேட்டுச்சு, முனைய வச்சு அழுத்துனாரு, அப்படியே உள்ள போயிருச்சுங்க. கோட்டிங் மட்டும் தோலாட்ட நின்னுட்டு இருக்குது, உள்ள இரும்பு வர்க்கியாட்ட அடுக்கடுக்கா உதிர்ந்து கொட்டுது. மாமா மொகத்த பாக்க முடியல. வண்டி நல்லா இருக்கட்டும்னு காசு குடுத்து அந்த கோட்டிங்க அடிச்சதே அவரு தான்.

அன்னைல இருந்து இதப் பத்தி கேக்கற எல்லார்கிட்டயும் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: மூடறதுக்கு முன்னாடி கழுவுங்க, கழுவுனத காய வைங்க. இத மாத்தி பண்றதுல தான் நம்ம பக்கம் பாதி வண்டி போகுது.

மொதல்ல, "நமக்கென்ன, கடலா இருக்குது இங்க, துரு எல்லாம் தூத்துக்குடிக்காரங்களுக்கு" அப்படிங்கற நெனப்பு. இத விடோணும். இரும்புக்கு துரு புடிக்க தண்ணியும் காத்தும் போதும், உப்பு சேந்தா அந்த வேல ரொம்ப வேகமா நடக்கும், ஏன்னா உப்புத்தண்ணில கரண்ட் நல்லா பாயும், துருவுங்கறதே சின்ன அளவுல ஒரு பேட்டரி வேல தான். அது போக உப்புக்கு இன்னொரு குணம் இருக்குது, ஈரத்த இழுத்து வச்சுக்கும். அடுப்படில கல்லுப்பு சாடி ஐப்பசி மாசம் தானா தண்ணி விட்டுக்கறத பாத்திருப்பீங்க. சுத்தமான உப்பே காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா கசிய ஆரம்பிச்சிரும், கல்லுப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கறதால அதுக்கும் முன்னாடியே கசியும். இதே தான் சேஸிஸ் மேலயும் நடக்குது. மழை நின்னு பத்து நாளாச்சு, வண்டி காஞ்சிருச்சுன்னு நாம நெனப்போம், உப்பு ஒட்டுன எடம் மட்டும் ராத்திரிக்கு ராத்திரி ஈரமாயிட்டே இருக்கும்.

சரி, கடல் இல்லாத ஊர்ல உப்பு எங்கிருந்து வருதுன்னா, நாமளே தான் ஏத்தறோம். தென்னைக்கு போடற பொட்டாஷ் இருக்குதில்லீங்களா, அது பொட்டாசியம் குளோரைடு, எடைல பாதிக்கு கொஞ்சம் கம்மியா குளோரைடு, இரும்ப திங்கறதுல சமையல் உப்புக்கு சளைச்சதில்ல. காய்ப்புல இருக்கற மரத்துக்கு வருசத்துக்கு 2 கிலோன்னு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு, ஏக்கராவுக்கு 70 மரம்னா 140 கிலோ, அஞ்சு ஏக்கரா தோப்புக்கு வருசம் 700 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பதினாலு அந்த வண்டில தான் போகுது. ஒரு மூட்டை ஓரம் கிழிஞ்சு கொட்டுச்சுன்னா சீட்டுக்கு அடில, தளத்து ஓட்டை வழியா சேஸிஸ்க்கு மேல போயி உக்காந்துக்கும், யாரும் கழுவறதில்ல. மாமா வண்டி இத்துப் போன எடம் சரியா மூட்டை அடுக்கற எடத்துக்கு கீழ.

அப்பறம் தேங்கா நார்த்தூள். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் கயிறு மில் போற வண்டிக்கெல்லாம் இது இருக்கும், கழுவாத நார்த்தூள்ல உப்பு ஜாஸ்தி, அதனால தான் செடிக்கு போடறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில அலசோணும்னு சொல்றாங்க. அது தன் எடையப் போல பல மடங்கு தண்ணிய குடிச்சு வச்சுக்கும். உப்பும் ஸ்பாஞ்சும் ஒட்டுக்கா சேஸிஸ் மூலைல போயி அடைச்சுக்கிட்டா என்னாகுமுன்னு நீங்களே பாத்துக்கங்க. மாட்டுச் சாணம், கோழி எரு ஏத்தறவங்களுக்கும் இதே கதை தான். கட்டுத்தறி பக்கத்துலயே வண்டிய நிறுத்தறதும் தப்பு, மூத்திர ஈரமும் அமோனியாவும் சும்மா இருக்காது. தார்ப்பாய் ஒண்ணு கீழ விரிச்சு அதுமேல மூட்டைய ஏத்துங்க, எறக்குன அன்னைக்கே தளத்த கூட்டிட்டு அடில ஓஸ் புடிங்க, இதுக்கு பைசா செலவில்ல.

இப்ப தண்ணிக்கு வர்றேன், ஏன்னா கழுவறதுலயே தப்பு நடக்குது. நம்ம பக்கம் போர் தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். திருப்பூர் பக்கம் நொய்யல்கரைல சாயப்பட்டறை உப்பு நிலத்துக்குள்ள எறங்கி ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணி பாசனத்துக்கே ஆகாம போனது ஊருக்கே தெரியும், 2011ல ஐகோர்ட்டு பட்டறைகள மூடச் சொன்ன அளவுக்கு போச்சு. அந்த பக்கம்னு இல்லாம பல ஊர்ல டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்ப லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்னு காட்டறது) வச்சா ஆயிரத்துக்கு மேல காட்டும். குடிக்கற தண்ணிக்கு 500க்குள்ள இருக்கறது நல்லது, வேற வழியில்லன்னா 2000 வரைக்கும்னு வச்சிருக்காங்க. 2000னா லிட்டருக்கு 2 கிராம் கரைஞ்சிருக்குதுன்னு அர்த்தம், கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம். ரெண்டும் ஒண்ணில்ல, போர் தண்ணில இருக்கறதுல சுண்ணாம்பும் கலந்திருக்கும், ஆனா வாராவாரம் அதுலயே கழுவி தொடைக்காம வெயில்ல விட்டா தண்ணி மட்டும் ஆவியாகிரும், உப்பு அங்கயே நிக்கும், அடுத்த வாரம் இன்னொரு படலம் ஏறும். கண்ணாடில வெள்ளைத் திட்டு தெரியுதில்ல, அதே திட்டு அடிலயும் இருக்குது, நமக்கு தெரியறதில்ல அவ்வளவு தான்.

இதுல எல்லாத்தையும் விட மோசம், ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத்தண்ணிய புடிச்சு வச்சு வண்டி கழுவறது. தண்ணிய வீணாக்கக் கூடாதுங்கற நல்ல மனசுல தான் பண்றாங்க, ஆனா அந்த தண்ணி வடிகட்டுன உப்பு எல்லாம் சேந்த தண்ணிங்க, உள்ள போன போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி. பாத்ரூம் கழுவ வச்சுக்கங்க, வண்டிக்கு வேண்டாம். போர் தண்ணிலயே சேறெல்லாம் கழுவிட்டு, கடைசியா ஒரு நாலு கொடம் சிறுவாணி, பில்லூர் குழாய்த் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ எது உங்களுக்கு வருதோ அதுல அலசுங்க, புடிச்சு வச்ச மழைத்தண்ணின்னா இன்னும் விசேசம்.

கடலுக்கு போறவங்களும் இருக்கீங்க, தெரியும். கோயமுத்தூர்ல இருந்து பாலக்காடு வழியா கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு பீச்சுக்கு போயி மணல்லயே ஒரு நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு வர்றது இப்ப வழக்கமாயிருச்சு, சில பேரு தனுஷ்கோடி போறாங்க. போங்க, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அலை வந்து போற ஓரத்துல போட்டோவுக்காக தண்ணிய வாரி அடிச்சு ஓட்டாதீங்க, அந்த ஒரு நிமிச சாரல் மட்கார்டு மடிப்புக்கும் பிரேக் பைப் கிளிப்புக்கும் உள்ள போயிரும். திரும்பி வந்து ராத்திரி பதினோரு மணிக்கு போர்டிகோவுல நிறுத்தி, தூசி படக்கூடாதுன்னு கவரும் போட்டு, ஞாயித்துக்கெழம கழுவிக்கலாம்னு விடறாங்க பாருங்க, அது தான் தப்பு. கவருக்குள்ள உப்பும் ஈரமும் அடைபட்டு கெடக்கும். வர்ற வழிலயே, பீச்ச விட்டு வெளிய வந்ததும் ஒரு வாட்டர் வாஷ்ல அடில நல்ல தண்ணிய கொட்டச் சொல்லிட்டு கெளம்புங்க, வீட்டுக்கு வந்து மறுநாள் ஒரு தடவ.

அதுக்கு பெரிய மெஷின் வேண்டாம். சோளக்காட்டுக்கும் புல்லுக்கும் தண்ணி தூவற ஸ்பிரிங்ளர் தோட்டத்துல கெடக்குதில்ல, அத வண்டிக்கு அடில தள்ளி வச்சு மோட்டார போட்டு விடுங்க, பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ முன்ன பின்ன நகத்துங்க, அரை மணி நேரம் போதும். உப்பு கரையறதுக்கு வேண்டியது நேரமும் நெறைய தண்ணியும், வேகம் இல்ல. பிரஷர் கன்ன கிட்ட புடிச்சு அடிச்சா உப்பு இன்னும் உள்ள மூலைக்கு தான் போகும், பேரிங் சீல், ஒயர் கப்ளர், ஆக்ஸிலுக்கு காத்து போயி வர்ற பிரீதர் ஓட்டை எல்லாத்துலயும் தண்ணி பூந்துக்கும். வால்பாறைல இருந்து நாப்பது கொண்டை ஊசி எறங்கி வந்த சூட்டோட ஆழியாறுல நிறுத்தி ஜில்லுத் தண்ணி அடிக்கறதும் வேண்டாம், பிரேக் டிஸ்க்கு கெடும், ஆக்ஸில் நடுவுல இருக்கற பல்சக்கரப் பெட்டி, அதான் டிஃபரன்சியல், சூடா இருக்கறப்ப திடீர்னு குளுந்தா உள்ள காத்து சுருங்கி, பிரீதரோ சீலோ சரியில்லன்னா தண்ணிய உறிஞ்சிக்கும். ஆறட்டும், ஒரு டீ குடிங்க.

அண்டர்பாடி கோட்டிங் விசயத்துக்கு வருவோம். மாமா வண்டிக்கு என்ன பண்ணாங்கன்னா, காலைல விட்டு சாயங்காலம் எடுத்தது. தண்ணி அடிச்சாங்க, ஏர் அடிச்சாங்க, கருப்பு கோட்டிங் அடிச்சாங்க. மூலைல சேறு அப்படியே, துரு அப்படியே, ஈரம் அப்படியே. அதுமேல ரப்பரோ தாரோ கலந்த கெட்டி கோட்டிங் விழுந்தா உள்ள இருக்கற ஈரம் வெளிய போக வழியில்ல, துரு ஆகும்போது இரும்பு ரெண்டு மடங்குக்கு மேல பருக்கும், கோட்டிங்க உள்ளிருந்து தள்ளி நுணுக்கமா ஒரு விரிசல் விடும், அதுல இன்னும் தண்ணி எறங்கும், வெளிய இருந்து பாத்தா கருகருன்னு அழகா இருக்கும். கோட்டிங்கே அடிக்காத வண்டின்னா செவப்பா தெரியறப்பவே நாம பயந்து ஏதாச்சும் பண்ணியிருப்போம்.

அதனால, கழுவுனதுக்கு அப்பறம் ரெண்டு நாள் நல்ல வெயில்ல நிக்கோணும், பங்குனி சித்திரை தான் இதுக்கு சரியான மாசம், ஆடிச் சாரல்லயும் ஐப்பசி மழைலயும் அடிக்காதீங்க. துரு இருக்கற எடத்துல ஒயர் பிரஷ் போட்டு உதிர்றதெல்லாம் எடுத்துட்டு, துருவ மாத்தி ஒட்ட வைக்கற ரஸ்ட் கன்வர்ட்டர் போட்டு, அது கருப்பா மாறி காஞ்சதும் எபாக்ஸி பிரைமர், அதுக்கப்பறம் தான் கோட்டிங். கன்வர்ட்டர்ல பல வகைல இருக்கறது டானிக் ஆசிட், நம்ம பெரியவங்க கடுக்காயும் அன்னபேதியும் போட்டு கருப்பு மை காச்சுனாங்கல்ல, அதே வேல, இரும்போட சேந்து கருப்பாகி ஒட்டிக்கும். ஆனா பொரிஞ்சு நிக்கற துரு மேல அடிச்சா மேல் தோலு மட்டும் கருப்பாகும், அடில அது பாட்டுக்கு தின்னுட்டே இருக்கும். பிரஷ் போடற வேலைய தாண்டிப் போக வழியே இல்லீங்க.

அடிக்கற பையங்கிட்ட நீங்க நின்னு பாக்கோணும். சைலன்சர், பிரேக் டிஸ்க், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரப்பர் புஷ், சென்சார், இதெல்லாத்தையும் பேப்பர் ஒட்டி மறைக்கச் சொல்லுங்க. ஷாஃப்ட்ல ஒரு பக்கம் கோட்டிங் தடிச்சா வண்டி ஆடும். முக்கியமா சேஸிஸ்ல, கதவுக்கு அடில, தண்ணி வடியற ஓட்டைங்க இருக்கும், அத அடைச்சுட்டா சேஸிஸ் தண்ணித் தொட்டி தான், அடிச்சு முடிச்சதும் ஒரு கம்பிய விட்டு ஒவ்வொண்ணா குத்தி தொறந்து விடுங்க.

கரி ஆயில், அதான் இன்ஜின்ல இருந்து எறக்குன பழைய ஆயில், அடிக்கறது பழைய பழக்கம், எங்க அப்பிச்சி காலத்து ஜீப்புக்கு அப்படித்தான் பண்ணாங்க, அப்ப வேற ஒண்ணும் கெடைக்கல. இன்னைக்கு வேண்டாம். ரப்பர் புஷ்ஷு, ரப்பர் உறை எல்லாம் ஊறி உப்பிரும், தோட்டத்து செம்மண்ணெல்லாம் ஒட்டி அப்பிக்கும், பிரேக்ல பட்டா உசுருக்கே ஆபத்து, சொட்டு சொட்டா நம்ம காட்டுலயே எறங்குது வேற. டீசல் வாஷும் அதே ரகம் தான், கொஞ்ச நாள்ல ஆவியாகி போயிரும், பாதுகாப்பும் போயிரும்.

வெளிய மட்டும் பாக்கறது தான் பாக்கி இருக்கற பெரிய தப்பு. ஜீப்புல இருக்கற ஏணியாட்ட லேடர் சேஸிஸ்ங்கறது உள்ள காலியா இருக்கற பெட்டி, அது வெளியிருந்து இத்துப் போறத விட உள்ளிருந்து இத்துப் போறது தான் ஜாஸ்தி. உள்ளுக்கு கெட்டி கோட்டிங் ஆகாது, கேவிட்டி வேக்ஸ்னு உள்ள தெளிக்கற மெழுகு கேளுங்க, நீளமான டியூப்ல சுத்தியும் தெளிக்கற நாசில் இருக்கும், ஓட்டை வழியா விட்டு அடிச்சுட்டே வெளிய இழுக்கோணும், சந்துல எல்லாம் ஊர்ந்து போயி படியும். புது வண்டி எடுத்த மொத வருசமே பண்ணிட்டா உத்தமம், துரு வந்ததுக்கு அப்பறம் பண்றத விட ரொம்ப பலன். கல்லு படாம அடில போடற ஸ்கிட் பிளேட், டேங்க் கார்டு தகடு போட்டிருந்தா வருசத்துக்கு ஒரு தடவயாச்சும் கழட்டுங்க, பொள்ளாச்சி பக்கம் கரிசல் மண்ணு அதுக்கு மேல உக்காந்தா மாசக்கணக்கா காயாது.

மாமா வண்டிக்கு இத்துப்போன துண்ட வெட்டி எடுத்துட்டு புது தகடு வச்சு வெல்டிங் பண்ணாங்க, பேட்டரி ஒயர கழட்டிட்டு தான் பண்ணாங்க. அதோட எடுத்துட்டு போலாம்னு மாமா நின்னாரு, மேஸ்திரி தான் விடல, "ஏனுங், வெல்டிங் சூட்டுல உள்பக்கம் இருந்த பெயிண்டெல்லாம் கருகியிருக்கும், இப்படியே போனா ரெண்டு மழைல மொத துரு இந்த ஒட்டுப் போட்ட எடத்துல தான் வரும்" அப்படின்னாரு. ரெண்டு நாள் நிறுத்தி, வெல்டிங் தையல் மேல பிரைமர் போட்டு, உள்ள வேக்ஸ் அடிச்சு, வடிகால் ஓட்டை ஏழும் கம்பி விட்டு பாத்துட்டு தான் சாவிய குடுத்தாரு. போன வாரம் அந்த வண்டில பொட்டாஷ் வாங்கப் போனோம், அடில தார்ப்பாய் விரிச்சிருந்துச்சு.