‘மனா’ நீலப் பட்டை அல்ல

கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளிடம் ‘மனா’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். திரை ஓரத்தில் இருக்கும் நீலப் பட்டை என்பார்கள். மந்திரம் போட்டால் குறையும், சற்று நேரம் சும்மா நின்றால் ஏறும். இந்தக் கற்பனைக்கு வயது அறுபதுகூட இல்லை. 1969-ல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுகதை மனாவை இறைக்க இறைக்க வற்றும் கிணறு போலக் காட்டியது. 1993-ல் வந்த ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டு விளையாட்டிலும் மனா செலவழிக்கும் சரக்குதான். விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும். அந்தப் பட்டையை மனதில் வைத்துக்கொண்டு பசிபிக் தீவு மக்களின் ‘மனா’ என்ற நம்பிக்கையைப் பேசத் தொடங்குவதுதான் முதல் தவறு.

விளையாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வானேன்? படித்தவர்கள் அதற்கு முன்பே சறுக்கிவிட்டார்கள். மேற்குப் பசிபிக்கின் மெலனீசியத் தீவுகளில் பணியாற்றிய ஆங்கிலிகன் பாதிரியார் காட்ரிங்டன் 1891-ல் வெளியிட்ட நூலில் மனாவை இயல்புக்கு மீறிய ஓர் ஆற்றல் என்று விளக்கினார். பாரிஸில் இருந்த சமூகவியலாளர்கள் மோஸும் டர்க்கைமும் அதை எடுத்து, எதிலும் பாயக்கூடிய, ஆள் முகமற்ற விசையாக வளர்த்தார்கள். கிட்டத்தட்ட மின்சாரம் மாதிரி.

தீவில் போய் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு வேறு பதில் கிடைத்தது. 1928-29-ல் பசிபிக்கின் டிக்கோப்பியா தீவில் தங்கிய மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த், மனா என்றால் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். மழை பெய்கிறது, ஈரப்பலா காய்க்கிறது, மீன் கரைக்கு வருகிறது, அதுதான் என்றார்கள். தலைவர் வேண்டினார், நடந்தது. ஆகவே அவரிடம் அது இருக்கிறது. நடக்கவில்லையா, இல்லை. சாலமன் தீவுகளின் குவாயோ மக்களிடையே பல ஆண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் ரோஜர் கீஸிங் 1984-ல் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: பெரும்பாலான ஓசியானிய (பசிபிக் தீவு) மொழிகளில் இது பொருளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே அல்ல, ஒரு நிலையைச் சொல்லும் வினை.

இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நாம் யோசிக்காமல் ‘சக்தி’ என்று மொழிபெயர்க்கிறோம். சக்தி என்றதும் அது ஏறும், இறங்கும், யாரிடமோ தேங்கி நிற்கும். நம் கையிலேயே இதைவிட நெருங்கிய சொல் இருக்கிறது: பலித்தல். ‘அவர் வாக்கு பலிக்கும்’ என்கிறோமே, அந்த வினை. ‘அந்த வைத்தியர் மருந்து கேட்கும்’, ‘கைராசிக்காரர்’ என்பதெல்லாம் இதே பக்கம்தான். ஃபிஜிச் சடங்குகளில் கூடியிருப்பவர்கள் ‘மனா, எ தினா’ என்று குரல் கொடுப்பார்கள். பலிக்கட்டும், அது மெய் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அந்த இடத்தில் ‘சக்தி, உண்மை’ என்று போட்டுப் பாருங்கள், எதுவும் ஒட்டாது.

உடனே எல்லாத் தீவுக்கும் ‘பலித்தல்’ என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரி மொழியிலும் ஹவாய் மொழியிலும் மனா பெயர்ச்சொல்லாகத் தாராளமாகப் புழங்குகிறது. குலத் தலைவர்களும் பூசாரிகளும் வலுப்பெற்ற இடங்களில் அது பரம்பரையோடும் அதிகாரத்தோடும் பிணைந்தது. அங்கும் பிறப்போடு கணக்கு முடிவதில்லை. மாவோரி வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பாடு பற்றாமல் போனால், வீட்டாரின் மனாவுக்கு அடி விழும். (நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.) இன்னும் பின்னால் போனால், இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஓசியானிய மொழியில் இச்சொல் இடி, புயல் போன்ற இயற்கை விசைகளைக் குறித்திருக்கலாம் என்று மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் வாதிட்டார்.

‘ஒரிஜினல்’ பொருள் எதுவென்று தேடி, மற்றதெல்லாம் கலப்படம் என்று தள்ளுவது இன்னொரு தவறு. ஹவாயில் 1819-ல் அரசகுடும்பமே கபு என்ற பழைய விலக்கு முறையை உடைத்தது. அடுத்த ஆண்டு மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். மனா அழிந்ததா? இல்லை, கிறிஸ்தவர்களின் கடவுளே ‘மனா லோவா’, அதாவது சர்வ வல்லவர் ஆனார்.

நியூசிலாந்தில் இந்தச் சொல் அரசியலின் நடுவில் நிற்கிறது. 1835-ல் வடபகுதித் தலைவர்கள் கையெழுத்திட்ட சுதந்திரப் பிரகடனத்தில், நாட்டின் மீதான இறையாண்மையைச் சொல்ல ‘மனா’ வந்தது. ஐந்தே ஆண்டில், 1840 வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரி வடிவத்தில், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று சொல்லும் இடத்தில் அதைக் காணோம். ‘கவர்னர்’ என்பதிலிருந்து செய்த ‘காவனதங்கா’ என்ற புதுச்சொல் இருந்தது. மனாவை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை தலைவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் ரூத் ராஸ் 1972-ல் எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. 1991-ன் வள மேலாண்மைச் சட்டம் ‘மனா வெனுவா’வுக்கு, ஒரு நிலப்பகுதியில் ஓர் இனக்குழு வழிவழியாகச் செலுத்தும் அதிகாரம் என்று வரையறை தந்தது. 2011-ல் மனா என்ற பெயரிலேயே ஒரு கட்சி கிளம்பியது. இத்தனைக்குப் பிறகும் இதை ‘பழங்குடி மந்திர நம்பிக்கை’ என்ற அலமாரியில் வைப்பது சோம்பேறித்தனம்.

கடைசியாக, நமக்கே உரிய ஒரு தவறு. மனா என்றதும் மனம், மானம் என்று வேர் தேடக் கை துறுதுறுக்கும். பைபிளில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவையும் சிலர் சேர்த்துவிடலாம். அது எபிரேயச் சொல். மனா தைவானிலிருந்து தெற்கே பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்துச் சொல். தமிழுக்கும் அந்தக் கடலுக்கும் தொடர்பே இல்லையா என்றால், கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி நியூசிலாந்தில் கண்டெடுத்த, தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி அது. கப்பல் மணியின் உடைந்த மேல்பகுதி. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை புதிர். இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலென்சோ பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.