ஆறு ஃபெம்டோநொடித் துடிப்பைத் தின்ற ஜன்னல்

தீவிர லேசர் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி (எலக்ட்ரான்கள் பிரிந்த வாயு) ஓடும்போது அதன் பின்னால் எழும் எலக்ட்ரான் அலை கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஓடுகிறது. பக்கவாட்டில் 30 ஃபெம்டோநொடி (ஃபெம்டோநொடி என்பது நொடியை 10-இன் 15-ஆம் அடுக்கால் வகுத்த ஒரு பங்கு) நீடிக்கும் ஒளித் துடிப்பை அனுப்பி அதன் நிழலைப் படமெடுத்தால், அதற்குள் அலை 9 மைக்ரான் நகர்ந்துவிடும். கன சென்டிமீட்டருக்கு 10-இன் 19-ஆம் அடுக்கு எலக்ட்ரான்கள் இருந்தால் அலைநீளமே ஏறக்குறைய 10 மைக்ரான்தான். ஆகவே கிடைப்பது மங்கல். 6 ஃபெம்டோநொடி என்றால் நகர்வு 2 மைக்ரானுக்குள் அடங்கும். ஜெனா பல்கலைக்கழகக் குழு 2015-இல் வெளியிட்ட படங்கள் இப்படிச் சுருக்கிய துடிப்பால் எடுத்தவை.

அப்படிச் சுருக்கும் வழி இது. துடிப்பு குறுக வேண்டுமானால் முதலில் அதன் நிறமாலை விரிய வேண்டும். 800 நானோமீட்டர் டைட்டானியம்-சஃபையர் லேசரில் ஒரு சிறு பங்கைப் பிரித்தெடுங்கள். 250 மைக்ரான் உள்விட்டமுள்ள வெற்றுக் கண்ணாடி இழையின் வாயில் அதைக் குவியுங்கள். குவியத்தின் விட்டம் உள்விட்டத்தில் 64 சதவீதம், அதாவது 160 மைக்ரான் இருக்கட்டும். குறைந்த ஆற்றலில் நேர்ப்படுத்துங்கள். அவசரப்பட்டால் இழையின் வாய் கருகும். பிறகு காற்றை வெளியேற்றி, நிறமாலையைப் பார்த்துக்கொண்டே, அதை விரிக்கும் ஆர்கான் வாயுவை மெல்ல நிரப்புங்கள்.

நிறமாலை விரிந்ததும் வேலை முடிந்ததென்று மகிழாதீர்கள். நிறங்கள் முன்பின்னாகத்தான் வெளிவருகின்றன. அவற்றை ஒருசேரக் கொண்டுவருவது சிர்ப் ஆடிகள், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவு தாமதித்துத் திருப்பும் ஆடிகள். என் ஆடிகளில் ஒரு தெறிப்புக்கு மைனஸ் 40 ஃபெம்டோநொடி வர்க்கம் (நிறங்கள் முன்பின்னாக விலகுவதை அளக்கும் அலகு; கண்ணாடி அதைக் கூட்டும், மைனஸ் என்றால் குறைக்கும்). நுண்திருத்தத்துக்கு ஒரு ஜோடி மெல்லிய கண்ணாடி ஆப்புகள். துடிப்பின் நீளத்தை அளக்க எனக்குப் பிடித்த முறை டி-ஸ்கேன்: இதே ஆப்புகளை நகர்த்தியே அளந்துவிடலாம்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகு. மேசையில் 6 ஃபெம்டோநொடி காட்டிய துடிப்பு, வெற்றிட அறைக்குள் மங்கலான படத்தையே தந்தது. இரண்டு வாரம் லென்ஸைக் குறை சொன்னேன். குற்றவாளி அறையின் 6 மில்லிமீட்டர் சிலிக்கா ஜன்னல். ஒரு மில்லிமீட்டருக்கு 36 வீதம் 216 ஃபெம்டோநொடி வர்க்கம்; 6 ஃபெம்டோநொடித் துடிப்பு 100 ஃபெம்டோநொடியாக நீண்டுவிடுகிறது! இப்போது அதே தடிமனுள்ள சிலிக்காத் துண்டு ஒன்றை அளவுகருவியின் முன் வைத்து, ஆடிகளில் ஐந்தாறு தெறிப்புகளைக் கூட்டி, அந்த நிலையில் 6 ஃபெம்டோநொடி வரும்வரை ஆப்புகளை நகர்த்துகிறேன். வழியில் வரும் காற்றையும் எண்ணுங்கள்: மீட்டருக்கு ஏறக்குறைய 20 ஃபெம்டோநொடி வர்க்கம்.

பின்சேர்க்கை: இவ்வளவு செய்தும் படம் மங்கல் என்று ஒரு வாசகர் எழுதினார். பிளாஸ்மாவின் சொந்த ஒளியைத் தடுக்க அவர் கேமராவின் முன் 10 நானோமீட்டர் அகலப் பட்டையை மட்டும் விடும் நிற வடிகட்டியை வைத்திருந்தார். அவ்வளவு குறுகிய பட்டையில் 94 ஃபெம்டோநொடிக்குக் கீழே விவரம் தங்காது. அகலமான வடிகட்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.