இரு முனையிலும் 20 டிகிரி: சால்வர் நின்ற இடம்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை. குழாய்களில் சூடான ஓட்டம் மூன்று, குளிர்ந்த ஓட்டம் இரண்டு. எதன் சூட்டை எதற்குக் கொடுக்க இணைத்தால் நீராவிச் செலவும் வெப்பமாற்றிப் பரப்பும் சேர்ந்து குறையும் என்பதுதான் கணக்கு. யீ, கிராஸ்மன் என்ற ஆய்வாளர்கள் 1990-இல் தந்த படிநிலை மாதிரியை எழுதி, சால்வரில், அதாவது உகந்த விடையைத் தேடும் கணினி நிரலில், ஓட்டினேன். ஓட்டியவுடன் ‘பூஜ்யத்தால் வகுத்தல்’ என்று நின்றுவிடும்.

இரண்டு ராத்திரி தரவையே சந்தேகப்பட்டுக் கிடந்தேன். கோளாறு மடக்கைச் சராசரியில்: வெப்பமாற்றியின் இரு முனை வேறுபாடுகளை ஒரே எண்ணாக்கி, பரப்பைக் கணக்கிட உதவும் சூத்திரம் அது. இரு முனை வெப்பநிலை வேறுபாடும் சமமானால் அந்தச் சூத்திரத்தில் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். நானோ தொடக்க மதிப்பாக எல்லா முனைக்கும் 20 டிகிரி கொடுத்திருந்தேன்!

சென் என்ற ஆய்வாளர் 1987-இல் சொன்ன தோராயத்துக்கு மாற்றினேன்: இரண்டு வேறுபாடுகளையும் அவற்றின் சராசரியையும் பெருக்கி, கனமூலம் எடுக்க வேண்டும். 40, 20 போட்டுப் பாருங்கள். சரியான விடை 28.85, இது தருவது 28.84. துளி குறைவதால் பரப்பு துளி கூடும். வடிவமைப்புக்கு அது நல்லதுதான். வேறுபாடுகளுக்கு 10 டிகிரி கீழ்வரம்பும் வைத்தேன். நிற்காமல் ஓடியது.

விடையைப் பார்த்த பாய்லர் அண்ணன், “தம்பி, இந்த ரெண்டு லைனும் ஆலையோட ரெண்டு கோடியில இருக்கே” என்றார். அந்த இணைப்பு உண்டா (1), இல்லையா (0) என்று சொல்லும் மாறியைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினேன்.