ஊட்டியிலும் சாப்பாடு சரியில்லை, உள்ளூரிலும் சரியில்லையா? நாம் செய்கிற சில தவறுகள்

மே மாதம் மலைக்குப் போய்த் திரும்புகிறவர்களைக் கேளுங்கள், பாதிப் பேர் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். குளிர் அருமை, பூங்கா அருமை, ஆனால் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை, விலையோ கேட்கவே வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் வீட்டில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊர் ஹோட்டலும் கெட்டுப்போச்சு என்கிறார்கள். அப்படியானால் எங்கேயுமே நல்ல சாப்பாடு இல்லையா?

என் பெரியப்பா ஈரோட்டில் இருபது வருடத்துக்கு மேல் மெஸ் நடத்தியவர். பள்ளி விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், ஆள் வராத நாளில் இலையும் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தரம் குறைந்திருப்பது உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறையவில்லை. சாப்பிடுகிறவர் மறுபடி வரப்போவதில்லை என்று சமைக்கிறவருக்குத் தெரிந்த இடத்தில்தான் ரொம்பவும் இறங்கியிருக்கிறது. சுற்றுலா ஊரில் நீங்கள் ஒருமுறை வந்து போகிற ஆள். பார்சலில் உங்கள் முகமே அவருக்குத் தெரியாது. இதோடு நாம் எப்போது போகிறோம், எங்கே நுழைகிறோம், என்ன கேட்கிறோம் என்பதில் செய்கிற தவறுகளும் சேர்ந்துகொள்கின்றன.

முதல் தவறு, சீசன் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அந்த ஊருக்கே தீர்ப்பு எழுதுவது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டிதான் வரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைக்க வேண்டி வந்தது. கூட்டம் அவ்வளவு. ஆனால் ஹோட்டலில் அடுப்பு அதே மூன்றுதான், தோசைக்கல் அதே இரண்டுதான். ஒரு தோசை வார்த்தால் கல்லில் சூடு இறங்கும், திரும்ப ஏறக் கொஞ்ச நேரம் வேண்டும். நாற்பது பேர் காத்திருக்கும்போது அந்த நேரத்தை யார் கொடுப்பார்கள்? சூடு ஏறாத கல்லில் மாவு ஒட்டும், ஒட்டாமல் இருக்க எண்ணெய் விடுவார்கள், வெளுத்துப்போய் எண்ணெய் சொட்டுகிற தோசை உங்கள் மேசைக்கு வரும். பரோட்டாவைப் பாதி வேக்காட்டில் அடுக்கி வைத்து ஆர்டர் வந்ததும் திருப்பிப் போடுவார்கள். சாம்பார் தீர்ந்தால் புதிதாகத் தாளிக்க நேரம் இருக்காது, இருக்கிறதில் வெந்நீர் சேரும். கூடவே, சீசனுக்கு மட்டும் இரண்டு மாதம் வந்து நிற்கிற மாஸ்டர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கடையின் கைப்பக்குவம் படிந்திருக்காது. அதே கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து பாருங்கள், வேறு கடையோ என்று நினைப்பீர்கள். நாள் மாற்ற முடியாதவர்கள் நேரத்தையாவது மாற்றலாம். காலையில் ஏழரைக்கு, ராத்திரி ஏழுக்குள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஊட்டிக்குப் போய் இட்லி கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் சமைக்கிறவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே கிடைக்கிற 100 டிகிரி ஆவி அங்கே திறந்த பாத்திரத்தில் கிடைக்காது. அதனால் அரிசி வேக நேரமாகும், துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் மசியவே மசியாது. மாவு பாடு அதைவிட மோசம். கோயம்புத்தூரில் ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழியும், ஊட்டிக் குளிரில் அதே மாவு வைத்தபடியே கிடக்கும். அங்கே இருக்கிறவர்கள் அடுப்பு ஓரமாக வைத்து, சாக்கைப் போர்த்தி, அதிக நேரம் விட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சீசனில் நான்கு மடங்கு மாவு தேவைப்படும்போது அவ்வளவு பொறுமைக்கு இடமில்லை, ஆப்ப சோடா உள்ளே வந்துவிடும். நீங்கள் சாப்பிட்ட அந்தக் கல் மாதிரியான இட்லிக்கும், சோடா வாசம் அடிக்கிற இட்லிக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அந்த மலையில் விளைகிறது என்ன? கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. நம் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு சந்தை பார்த்துவிடுகிற காய் அங்கே காலையில் தோட்டத்திலிருந்து வருகிறது. நீலகிரியில் வாழ்கிற படுகர் வீட்டுச் சமையலில் அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு இருக்கிறது, ராகிக் களி இருக்கிறது. டீயோடு கடிக்க மொறுமொறு வர்க்கி பிஸ்கட் இருக்கிறது. கொடைக்கானல் என்றால் மலைப்பூண்டு, அதற்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் கேட்பது பனீர் பட்டர் மசாலா, ஃப்ரைடு ரைஸ், இட்லி வடை. ஊரில் விளையாததையும் அந்தக் குளிரில் வராததையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ருசியில்லை என்று சொன்னால் எப்படி?

கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்கிற தவறு காலண்டரைப் பார்க்காமல் போவது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அதே நாட்கள்தான். மாமல்லபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் மே மாதம் வஞ்சிரம் வறுவல் கேட்டால், வருவது பெரும்பாலும் ஐஸில் நாள்கணக்கில் இருந்த மீன், அல்லது மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்த மீன். விலை மட்டும் அன்றைக்குப் பிடித்த மீனின் விலையாக இருக்கும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கரையோரம் போய்வருகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "நாட்டுப்படகுல இன்னைக்கு என்ன வந்துச்சு?" நெத்திலியோ சங்கராவோ மத்தியோ, எதைச் சொல்கிறார்களோ அதை வாங்குங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அங்கே கணக்கு வேறு. அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு மசாலா பூசி அடுக்கி வைத்த மீனைப் பார்த்து மயங்காதீர்கள். மசாலா பூசிவிட்டால் கண்ணும் செவுளும் தெரியாது. பூசாத மீனைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வழியில் வண்டி நிற்கிற இடத்திலேயே சாப்பிடுவதும் தவறுதான். நெடுஞ்சாலையில் பேருந்தும் வேனும் வழக்கமாக நிற்கிற கடைகளில் ஓட்டுநருக்குச் சாப்பாடு இலவசம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் செலவு உங்கள் பில்லில்தான் வரும். வாடகைக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள் ஓட்டுநரிடம், "அண்ணே, உங்க காசு போட்டுச் சாப்பிட்டா எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுவரை இந்தக் கேள்வி ஏமாற்றம் தந்ததில்லை.

சுற்றுலா ஊர்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. குற்றாலம் பக்கத்தில் செங்கோட்டை பிரானூர் பார்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு வருகிறவர்கள் அங்கே பரோட்டாவும் கோழியும் சாப்பிடாமல் திரும்புவதில்லை. ஆனால் அந்தக் கடைகள் வளர்ந்தது கேரளாவுக்குப் போகிற நெடுஞ்சாலையை ஒட்டி. சீசன் முடிந்தாலும் லாரிக்காரர்களும் வியாபாரிகளும் சுற்றுவட்டாரத்து ஆட்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். சால்னா ஒருநாள் இறங்கினால் மறுநாள் கேட்க ஆள் உண்டு. எந்தச் சுற்றுலா ஊரானாலும் இப்படிப்பட்ட கடையைத்தான் தேட வேண்டும். மார்க்கெட் பக்கம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அரசு அலுவலகத்தின் எதிரில் என்று உள்ளூர் ஆட்கள் தினமும் சாப்பிடுகிற இடமாகப் பாருங்கள். படகு இல்லத்தின் வாசலிலும் அருவிக்குப் போகிற வழியிலும் அது கிடைப்பது கஷ்டம்.

ரிசார்ட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டுவது இன்னொன்று. பணம் ஏற்கெனவே வந்துவிட்டது, நீங்கள் வெளியே போய்ச் சாப்பிடவும் போவதில்லை, அப்புறம் சமையல்காரருக்கு என்ன அவசரம்? சூடு ஆறாமல் இருக்க அடியில் விளக்கெரிகிற பெட்டியில் இரண்டு மணி நேரம் இருந்த பூரியும் பொங்கலும்தான் கிடைக்கும். காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து எடுத்தால் போதும். விலையைப் பார்த்துத் தரத்தை எடை போடுவதும் இங்கே தப்பாகிவிடும். ஒருநாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற விடுதிகளின் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம். பில் கனமாக இருப்பதில் ஒரு பங்கு வரி, சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது பார்சல். ரோஸ்ட்டை மடித்துத் தாளில் சுற்றி நாற்பது நிமிடம் வண்டியில் கொண்டுவந்தால், அதன் ஆவியே அதை ரப்பராக்கிவிடும், உலகத்தில் எந்த மாஸ்டராலும் அதைத் தடுக்க முடியாது. பூரி, வடை, பஜ்ஜி எல்லாமே இந்த வகைதான். புளியோதரை, தயிர் சாதம், இடியாப்பம், பிரியாணி போன்றவை பயணத்தைத் தாங்கும். செயலி வழியாகப் போகிற ஆர்டரில் கமிஷன் கழிந்து கடைக்காரருக்குக் கிடைப்பது குறைவு, அந்தக் குறை அளவிலோ சரக்கிலோ எங்கேயாவது ஈடுகட்டப்படும். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடாமல், பார்சலை மட்டும் வைத்து அந்தக் கடை கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பேர் பெற்ற கடையின் கிளையில் பழைய ருசியைத் தேடுவதும் வேண்டாம். ஒரு கடை இருபது கடையானால் மசாலா ஒரே இடத்தில் அரைபட்டு மூட்டையில் போகும், கிரேவி முன்னாலேயே தயாராகிக் குளிர்பெட்டியில் இருக்கும். அது தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் குழம்பும் கறியும் வைக்கிற சரக்கு மாஸ்டர் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்பு போடுகிற சமையல் அங்கே நடக்காது. மெனு நீளத்தையும் பாருங்கள். இருநூறு வகை எழுதியிருக்கிற அட்டையில் பாதிக்கு ஒரே வெங்காயம் தக்காளி கிரேவிதான் அடித்தளம், க்ரீம் சேர்த்தால் ஒரு பெயர், முந்திரி சேர்த்தால் இன்னொரு பெயர். கரும்பலகையில் சாக்பீஸால் ஐந்து வகை எழுதி, இரண்டு மணிக்கு மூன்றை அழித்துவிடுகிற மெஸ்ஸில் அன்றைக்குச் செய்தது அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

விலை விஷயத்தில் நாமும் கொஞ்சம் நியாயமாக இருக்க வேண்டும். 2025-இல் தேங்காய் விலை ஏறியபோது சட்னியில் பொட்டுக்கடலை கூடியதை எல்லோரும் கவனித்திருப்பீர்கள். காப்பிக் கொட்டை விலை ஏறியதும் டிகாஷன் இளைத்தது. இட்லி விலை இரண்டு ரூபாய் ஏறினால் சண்டை போடுகிறோம், சட்னி மூன்றாம் முறை கேட்கிறோம், கெட்டியாகவும் வேண்டும் என்கிறோம். என் பெரியப்பா கடைசி வருடங்களில் இந்தக் கணக்கில்தான் களைத்துப்போனார். விலையை ஏற்றினால் ஆள் குறையும், ஏற்றாவிட்டால் சரக்கைக் குறைக்க வேண்டும். அவர் சரக்கைக் குறைக்கவில்லை, கடையை மூடிவிட்டார்.

அதே சமயம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. எண்ணெய் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகிற மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் விதி இருக்கிறது. சட்டியில் எண்ணெய் கறுத்து, காயும்போதே நுரை தள்ளி, புகை சீக்கிரமே வந்தால், சாப்பிட்ட பிறகு தொண்டை கரகரத்தால், அந்தக் கடையில் வறுத்ததைத் தொடாதீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதும் காரணம் இல்லாமல் இல்லை, வெயிலில் வெளியே இருக்கிற மயோனைஸில் கிருமி பெருக நேரமே ஆகாது. பிள்ளைகளுக்கு ஷவர்மா வாங்கும்போது மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எனக்கு ரொம்பவும் வருத்தம் தருகிற தவறு. சாப்பாடு சரியில்லை என்றால் நாம் அந்த இடத்தில் சொல்வதில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு, பில் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒற்றை நட்சத்திரம் போடுகிறோம். போன மார்கழியில் எங்கள் தெரு முனைக் கடையில் பொங்கல் அடிப்பிடித்த வாசம் வந்தது. கல்லாவில் இருந்தவரிடம் சத்தம் போடாமல் சொன்னேன். அவர் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார், அன்றைக்கு அந்த அண்டாவை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு இட்லி கொண்டுவரச் சொன்னார். சொன்னால் கேட்கிற கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்காதவர்களும், கெட்டுப்போனதைப் பரிமாறுகிறவர்களும் இருந்தால், அதற்குத் தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் இருக்கிறது: 94440 42322. பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (கடையின் உணவு உரிம எண்) அச்சாகியிருக்க வேண்டும், அந்தப் பில்லைக் கசக்கிப் போட்டுவிடாமல் படம் எடுத்து, தட்டில் இருந்ததையும் ஒரு படம் எடுத்து, கடை இருக்கிற தெருவையும் சாப்பிட்ட நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். சுற்றுலா போன ஊரில் இருந்துகொண்டே அனுப்பலாம், ஊர் திரும்புகிற வரை காத்திருக்க வேண்டாம்.