தில்லிக் கோடையில் நீரிழப்பு: கண்டுபிடிப்பதும் ஈடுகட்டுவதும்

மே மாதம் ஊரிலிருந்து தில்லிக்கு வரும் பெற்றோரை ஏமாற்றுவது வியர்வைதான். சென்னையில் சட்டை நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். இங்கே லூ என்னும் வறண்ட அனல்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ கோடையைக் கழிப்பவர்கள் சிறுநீரைக் கவனியுங்கள். இளமஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சளாகி, அளவும் குறைந்தால் நீரிழப்பு தொடங்கிவிட்டது (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறம் மட்டும் மாறலாம்).

குழந்தை கண்ணீர் வராமல் அழுகிறதா, கண் குழிவிழுந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்குத் தோல் முன்பே தளர்ந்திருக்கும், கிள்ளிப் பார்ப்பதை நம்ப முடியாது. தாகமும் அவர்களுக்கு மந்தம். கேட்கும்வரை காத்திராமல் கொடுங்கள்.

வெயிலில் அலைந்த களைப்புக்கு உப்புப் போட்ட நீர்மோரோ ஷிகஞ்சியோ (வடஇந்திய எலுமிச்சைச் சாறு) தாராளமாகப் போதும். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்)தான் வேண்டும். குளுக்கோஸ் சிறுகுடலில் சோடியத்தைத் தன்னோடு உள்ளே இழுத்துச் செல்கிறது, அதன் பின்னால் நீரும் போகிறது. இது நடக்க இரண்டும் சரியான அளவில் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். வெறும் குளுக்கோஸ் பொடியும் தித்திப்பான பெட்டிப் பானங்களும் இதற்கு மாற்றல்ல. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சின்ன பாக்கெட் பெரும்பாலும் 200 மில்லிக்கு, உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலப்பதுதான் பரவலான தவறு. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகும். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கவேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ராத்திரியில் பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் கொடுக்கவேண்டிய கரைசல்: இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவை மீறி எதுவும் கொடுக்கக்கூடாது. பேச்சு குழறினாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஈரத்துணியும் விசிறியுமாக உடம்பைக் குளிர்வித்தபடி 112-ஐ அழையுங்கள்.