பழைய காரை டிரெய்லரில் ஏற்றி இழுப்பது எப்படி: லாரியைவிட முக்கியம் மூக்குச் சுமை

என் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை முதன்முறையாக டிரெய்லரில் ஏற்றிய நாளில் எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: இழுக்கும் வண்டிக்கு இழுவை போதுமா? கடன் வாங்கி வந்தது கனத்த டீசல் பிக்கப். 3,500 கிலோ இழுக்கலாம் என்றது அதன் கையேடு. கார் சுமார் 800 கிலோ, டிரெய்லர் 700 கிலோ. பாதிகூட இல்லையே என்ற மிதப்பில் கிளம்பினேன். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டபோது, ஒரு சிறிய இறக்கத்தில், இடப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் மூலை எட்டிப் பார்த்தது. அது மறைந்ததும் வலப்பக்கக் கண்ணாடியில் மறு மூலை. நான்காவது முறை பிக்கப்பின் பின்புறமே சேர்ந்து ஆடியது.

கவிழவில்லை. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டதும் ஆட்டம் தானாக அடங்கியது. முதல் இரண்டு ஆட்டங்களுக்கு நான் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் வெட்டியதுதான் அதை வளர்த்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது.

இழுக்கும் வண்டி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கையேட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்: எவ்வளவு இழுக்கலாம், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு இருக்கலாம், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மீது எவ்வளவு எடை அழுத்தலாம். மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கொக்கியை அழுத்தும் எடை, வண்டி சுமக்கும் சுமைக் கணக்கில் சேரும். நான்கு பேரும் கருவிப் பெட்டிகளும் ஏறிய பிறகு அதற்கு இடம் மிஞ்சாமல் போகலாம்.

பெரிய லாரி இருந்தால் கவலை இல்லை என்பவர்களுக்கு என் பதில்: லாரியின் விறைத்த ஸ்பிரிங்குகள் டிரெய்லரின் சிறிய ஆட்டத்தை ஓட்டுநர் இருக்கை வரை கொண்டுவராது. நமக்குத் தெரியும்போது ஆட்டம் முற்றியிருக்கும். கூடுதல் குதிரைத்திறனைவிட டிரெய்லரில் நல்ல பிரேக் இருப்பதையே நான் விரும்புவேன். அதிலும் மின்சார பிரேக். இழுக்கும் வண்டியின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி ஆட்டத்தை அடக்கலாம். தள்ளுவிசையில் இயங்கும் பிரேக்கில், அதாவது டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளும்போது தானாகப் பிடிப்பதில், அந்த வசதி கிடையாது.

மூக்குச் சுமை: நான் தடுக்கி விழுந்த இடம்

டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனை, கொக்கியைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பரவலான விதி. அதற்கு மிகவும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். எனக்கு 1,500 கிலோவுக்கு 150 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அளந்தால் 54.

அளந்தது குளியலறைத் தராசில். 150 கிலோவை நேராக அதன் மேல் இறக்கினால் தராசு உடையும். அதனால் ஒரு கனமான பலகை. ஒரு முனை இரும்புக் குழாய் மீது, மறுமுனை தராசின் மேல் வைத்த இன்னொரு குழாய் மீது. இரண்டு குழாய்களுக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டர். தரையில் இருக்கும் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவது மூன்றில் ஒரு பங்கு. எனக்கு 18 காட்டியது. பலகையின் எடையை முதலிலேயே கழித்துவிடுங்கள். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். மூக்கு, கொக்கியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். இரட்டை அச்சு டிரெய்லரில் உயரம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு பொய்க்கும்.

ஏன் 54? பீட்டிலின் இன்ஜின் பின்னால் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல். எல்லாக் கார்களையும் போல முகம் முன்னால் வரும்படி ஏற்றியதால் கனமெல்லாம் டிரெய்லரின் வாலுக்குப் போய்விட்டது. காரைத் திருப்பி, சக்கரங்கள் அதே இடங்களில் நிற்கும்படி ஏற்றினேன். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர், திருப்பியதில் காரின் எடை மையம் 48 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தது. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடு வரை 4 மீட்டர். 800ஐ 0.48ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால், மூக்கில் கூடியது 96 கிலோ. தராசில் 50, அதாவது 150. அதே பிக்கப், அதே சாலை, அதே இறக்கம். டிரெய்லர் அசையவே இல்லை.

முன்னால் இன்ஜின் உள்ள கார் என்றால் முகம் முன்னால்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்து, சரியான இடத்தில் டிரெய்லர் தளத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை தராசு தேவைப்படாது.

ஏற்றுவதும் கட்டுவதும்

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிய பிறகே காரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கார் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். காரை மேலே இழுக்கும் வின்ச்சின் கம்பியைப் பம்பரில் மாட்ட வேண்டாம். பழைய பம்பர் கையோடு வந்துவிடும். பிரேக் குழாயைத் தவிர்த்து, அச்சுக் குழாயைச் சுற்றிப் பட்டை போட்டு இழுங்கள். பீட்டிலைப் பின்புறமாக ஏற்றும்போது புகைக்குழாய்கள் சரிவுப்பலகையில் இடிக்கும். கீழே இரண்டு மரப்பலகைகள் வைத்துச் சரிவை நீட்டினால் தப்பிக்கும்.

கட்டுவதற்குச் சக்கரங்களைச் சுற்றும் ராட்செட் பட்டைகளே (கைப்பிடியால் நெம்பி இறுக்குபவை) என் தேர்வு. காரின் அடிச்சட்டத்தில் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கில் குதிக்கும், பட்டை தளரும். ஹேண்ட்பிரேக்கை நம்பிப் பட்டையைக் குறைக்காதீர்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்கின் அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றால் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும். 15 கிலோமீட்டர் போனதும் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். நான் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கக் கண்டிருக்கிறேன். துணி உறை போடவே வேண்டாம், காற்றில் படபடத்து பெயிண்டைத் தேய்த்துவிடும்.

பிறகு சேர்த்தவை

திருப்பி ஏற்றியதில் கதவு திறந்துகொண்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். கதவின் கீல் முன்பக்கம். பின்னோக்கிப் பயணிக்கும்போது பூட்டு நழுவினால் காற்று அதை விரியத் திறக்கும். இன்ஜின் மூடிக்கும் அதே கதி. பூட்டிவிட்டு, மூடியின் மேல் ஒரு மெல்லிய பட்டையும் போடுங்கள்.

இன்னொருவருக்கு 10 சதவீதம் கிடைத்தது, ஆனால் அவருடைய இழுக்கும் காரின் கொக்கியில் மூக்குச் சுமை வரம்பு 75 கிலோ என்று பொறித்திருக்கிறது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இப்படித்தான். பொறித்த எண்ணை மீறக் கூடாது. அந்த வரம்பை ஒட்டிச் சுமை வைத்து வேகத்தைக் குறைப்பார், அல்லது வேறு வண்டி தேடுவார். வேறு வண்டி தேடச் சொன்னேன்.

மூன்றாவது சிக்கல் பந்து, அதாவது மூக்கு மேலே கவிந்து உட்காரும் கொக்கியின் உருண்டைத் தலை. 50 மில்லிமீட்டர் பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 2 அங்குலம் என்பது 50.8. அங்குல அளவு மூக்கு 50 மில்லிமீட்டர் பந்தில் லொடலொடக்கும். 50 மில்லிமீட்டர் மூக்கு அங்குலப் பந்தில் முழுதாக உட்காராது, உட்கார்ந்ததுபோல நடிக்கும். அளவு பந்தின் தலையில் பொறித்திருக்கும், கிரீஸைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.