கம்ப்ரசர் காற்று எங்கே போகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடிக்கலாம்

பட்டறையில் டர்னிங் ஸ்கிராப்பை எடை போட்டு விற்கிறோம். கட்டிங் ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றுகிறோம். மெஷினுக்குப் பின்னால் நாள் முழுக்க "உஸ்ஸ்" என்று காற்று கசிகிற சத்தம் கேட்கிறதே, அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காற்று சும்மா கிடைக்கலாம், ஆனால் அதை 7 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்த மின்கட்டணம் கட்டுகிறோம். அந்த அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதற்காக மட்டும் கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும்.

இதற்கு ஆலோசகர் யாரும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும்.

முதலில் அளவெடுங்கள்

மெஷின்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆனால் மெஷின் வரை போகிற காற்று வால்வுகள் திறந்தே இருக்கட்டும், ஏனென்றால் பாதிக் கசிவு மெஷினுக்குள்தான் இருக்கும். இப்போது கம்ப்ரசரை ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. அப்படியும் கம்ப்ரசர் அவ்வப்போது லோடு எடுத்தால், அதாவது காற்றை அழுத்த ஆரம்பித்தால், அது கசிவுக்காக மட்டுமே ஓடுகிறது.

எத்தனை நிமிடம் லோடில், எத்தனை நிமிடம் அன்லோடில் (மோட்டார் ஓடும், ஆனால் காற்றை அழுத்தாது) என்று குறியுங்கள். ஐந்தாறு சுற்று பார்த்துச் சராசரி எடுத்தால் நல்லது. லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கசிவு சதவீதம். உதாரணமாக 1.5 நிமிடம் லோடு, 4.5 நிமிடம் அன்லோடு என்றால் 25 சதவீதம். 10-க்குக் கீழே இருந்தால் பட்டறை நல்ல நிலையில் இருக்கிறது. 20, 30 வந்தாலும் அதிர்ச்சி அடைய வேண்டாம், சாதாரணமாகப் பார்க்கிற அளவுதான்.

பிஸ்டன் கம்ப்ரசர் என்றால் ஓடும் நேரம், நிற்கும் நேரம் என்று இதே கணக்கு. தேவைக்கேற்ப மோட்டார் வேகம் மாறுகிற விஎஃப்டி கம்ப்ரசருக்கு இது சரிப்படாது. அதற்கு, கம்ப்ரசரை நிறுத்திவிட்டு டேங்க் அழுத்தம் 7-லிருந்து 6 பாருக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 500 லிட்டர் டேங்க் 100 வினாடியில் இறங்கினால், நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்று போகிறது.

பணத்தில் எவ்வளவு?

முழு லோடில் 15 கிலோவாட் இழுக்கிற ஸ்க்ரூ கம்ப்ரசர், 25 சதவீதக் கசிவு, மாதம் 400 மணி நேரம் ஓட்டம் என்று வைப்போம். நேரே பெருக்கினால் 1,500 யூனிட். இந்த இடத்தில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கசிவை அடைத்தாலும் கம்ப்ரசர் அன்லோடில் ஓடும். அப்போதும் முழு லோடில் இழுப்பதில் சுமார் 30 சதவீத மின்சாரத்தை இழுக்கும். அதைக் கழித்தால் மிச்சம் 1,050 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 8,400 ரூபாய். சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்ரசரை அணைத்தால் அந்த அன்லோடு செலவும் கொஞ்சம் குறையும்.

ஓட்டையைத் தேடுங்கள்

அமைதியான பட்டறையில் பாதிக் கசிவு காதுக்கே சிக்கிவிடும். மீதிக்குச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள், கசிகிற இடத்தில் குமிழ் வரும். சொலினாய்டு காயில் (மின்சாரத்தால் வால்வைத் திறந்து மூடுகிற சுருள்) பக்கம் தண்ணீர் படக்கூடாது. விரலை வைத்துத் தேடவும் வேண்டாம், அழுத்தக் காற்று தோலுக்குள் புகுந்தால் ஆபத்து.

முதலில் பார்க்க வேண்டியவை குயிக் கப்ளர், ஹோஸ் கிளிப், ஃபில்டர் அடியில் உள்ள டிரெயின், பியூ டியூப் (வளையக்கூடிய பாலியூரித்தேன் காற்றுக் குழாய்) செருகுமிடம். தண்ணீர் வடியட்டும் என்று யாரோ கொஞ்சம் திறந்துவிட்டு மறந்த டிரெயின் வால்வு அநேகமாக எல்லாப் பட்டறையிலும் ஒன்றாவது இருக்கும். அப்புறம், விற்றுவிட்ட மெஷினுக்குப் போன பழைய லைன். கண்ட இடத்திலெல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறந்துபோகும்.

அடையுங்கள்

லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள். பியூ டியூபின் நுனி கோணலாக இருந்தாலே கசியும். டியூப் கட்டரால் நேராக வெட்டித் திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். திரெட்டுக்கு டெஃப்ளான் டேப், தளர்ந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப். பயன்படாத லைனை, மெயின் லைனிலிருந்து அது பிரியும் இடத்திலேயே வெட்டி அடைத்துவிடுங்கள்.

கடைசியாக அழுத்தத்தைக் குறையுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கசிவால் கடைசி மெஷினுக்கு அழுத்தம் போதாமல் போகும், உடனே யாராவது செட்டிங்கை 8 பாருக்கு ஏற்றிவிடுவார்கள், அதனால் கசிவும் கூடும். ஓட்டைகளை அடைத்த பிறகு, மெஷின் கேட்கிற அளவுக்குக் கால் பார், கால் பாராக இறக்கிப் பாருங்கள். 1 பார் குறைந்தால் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் மிச்சம்.

அடுத்த மாதம் இதே சோதனையைத் திரும்பச் செய்து, வந்த சதவீதத்தைத் தேதியோடு கம்ப்ரசர் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.